நடக்க ஒருவர், படுக்க ஒருவர்

முதலில் அது ஒரு நெல்லிக்காய் அளவுதான் இருந்தது. அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில், வலது பக்கம். நின்றால் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். படுத்தால் மறைந்துவிடுகிற ஒன்றை நோய் என்று எப்படிச் சொல்வது என்று என் கணவர் நினைத்துக்கொண்டார். என்னிடமும் மறைத்தார்.

அவர் பஸ் கண்டக்டர். கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை, உத்தனப்பள்ளி வழியாக ஓசூர் போகும் தனியார் பஸ். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் அணை கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. வேலைக்கு வருகிறவர்களின் தட்டுமுட்டுச் சாமான்கள், ராகி மூட்டை, புளி மூட்டை, சீசனில் மாம்பழக் கூடை, எல்லாம் பஸ்ஸின் தலைமேல்தான் ஏறும். ஏணியில் காலும் தோளில் மூட்டையுமாகப் பத்து வருடத்துக்கு மேல் ஏறி இறங்கியவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் டிக்கெட் கொடுப்பார், மூன்றிலும் சண்டை போடுவார். இதைப் பற்றி மட்டும் எந்தப் பாஷையிலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே காய்ச்சலைக் கண்டுபிடிக்கிறவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. வீட்டில் இருந்த ஒரு நோயைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மார்கழி மாதம் தேவைப்பட்டது. சளி பிடித்து இருமும்போதெல்லாம் அவர் கை தானாக இடுப்புக்குக் கீழே போய் அழுத்திக்கொண்டது.

"என்னாங்க அது?"

"ஒண்ணியும் இல்ல. பெல்ட்டு இறுக்கமா இருக்குது."

பிறகு ஒருநாள் அவரே காட்டினார். அதற்குள் எலுமிச்சம்பழ அளவாகியிருந்தது. பெங்களூரில் யாரோ சொன்னார்கள் என்று ட்ரஸ் (குடல் இறக்கத்தை வெளியே வராமல் அழுத்திப் பிடிக்கும் தோல் பட்டை) ஒன்று வாங்கி வந்தார். காக்கிச் சட்டைக்குள் அதைக் கட்டிக்கொண்டு மேலும் சில மாதம் மூட்டை ஏற்றினார். தோல் உராய்ந்து புண் ஆனது. இறக்கம் அப்படியேதான் இருந்தது.

மாம்பழ சீசனில், ராயக்கோட்டையில் ஒரு கூடையை மேலே தள்ளியபோது, வெளியே வந்தது திரும்ப உள்ளே போகவில்லை. படுத்துப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். வாந்தி எடுத்தார். டிரைவர் பயணிகளை இறக்கிவிட்டு, காலி பஸ்ஸில் அவரை மட்டும் கிடத்தி, வழியிலிருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எனக்கு ஆள் சொல்லியனுப்பினார், நானும் போய்ச் சேர்ந்தேன். அந்த ஆஸ்பத்திரியின் பெயரையும் டாக்டரின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. அவர் நல்லவர் என்பதும் ஒரு காரணம்.

டாக்டருக்கு வயது முப்பத்தைந்து இருக்கலாம். பட்டணத்தில் படித்தவர். கட்டிலின் கால்மாட்டைத் தூக்கி வைத்து, ஊசி போட்டு, மெதுவாக அழுத்தி உள்ளே அனுப்பினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"இது ஹெர்னியா (வயிற்றுச் சுவர் பலவீனமான இடத்தில் குடல் பிதுங்கி வருவது). இன்னைக்குப் போயிடுச்சு. அடுத்த தடவை குடல் நெரிபட்டு அழுகிப் போனா நானே ஒண்ணும் பண்ண முடியாது. ஆபரேஷன் பண்ணிடலாம்."

வார்டு நீளமாக, ஓட்டுக்கூரையோடு இருந்தது. இரண்டு வரிசைக் கட்டில்கள். பின்பக்கம் புங்க மரத்தடியில் மூன்று கல் வைத்து, நோயாளிகளோடு வந்தவர்கள் சமைத்துக்கொள்வோம். அங்கேதான் வெங்கடம்மாவைப் பார்த்தேன்.

உத்தனப்பள்ளிப் பக்கத்து ஊர். வீட்டில் தெலுங்கு பேசுகிற விவசாயக் குடும்பம். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். நான் ஈர விறகோடு போராடுவதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே வந்து ஊதிக் கொடுத்தாள்.

"டீச்சரம்மா பையன்களுக்குச் சொல்லித் தருவீங்க. அடுப்புக்குச் சொல்லித் தரத் தெரியாதா?" என்று சிரித்தாள்.

அவள் கணவர் திம்மராயப்பாவுக்கும் அதே நோய், அதே வலது பக்கம். என் கணவருக்குப் பக்கத்துக் கட்டில். நல்ல உயரம், பெரிய சிரிப்பு. வார்டுக்குள் யார் நுழைந்தாலும், அது டாக்டராகவே இருந்தாலும், "வெளிய மழை வருதா?" என்றுதான் முதலில் கேட்பார். என் கணவரை முன்பே தெரியும் என்று சொல்லிக்கொண்டார். ஒருமுறை கோழிக்கூண்டை மேலே போடச் சொல்லிப் பஸ்ஸில் சண்டை போட்டார்களாம்.

இருவருக்கும் ஒரே நாளில் ஆபரேஷன் நடந்தது. என் கணவர் முதலில் போனார். முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் அறுப்பார்கள், ஆள் விழித்திருப்பார். கத்தரிக்கோல் கிண்ணத்தில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்ததாகப் பிறகு சொன்னார். "என் கால் எங்க இருக்குதுன்னே தெரியல. யாரோ ரெண்டு காலக் கொண்டாந்து பக்கத்துல வெச்ச மாதிரி இருந்தது" என்றார்.

மறுநாள் காலை டாக்டர் வந்தார். என் கணவரின் கட்டிலருகே நின்று, "எழுந்திருங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. எங்கள் தெருவில் இதே ஆபரேஷன் செய்துகொண்டவரை காயத்தின்மேல் மண்மூட்டை வைத்து ஒரு மாதம் படுக்கப் போட்டிருந்தார்கள். குழந்தைக்குப் போல எல்லாம் கட்டிலிலேயே. அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து நான் பள்ளிக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன்.

"தையல் பிரிஞ்சிடாதுங்களா?" என்றேன்.

"பிரியாது. நான் போட்ட தையல். மெதுவா எழுந்து நாலடி நடக்கட்டும்."

பிறகு திம்மராயப்பாவின் பக்கம் திரும்பி, "நீங்க படுத்திருக்கணும். மூணு வாரம். இடுப்பை அசைக்கக் கூடாது" என்றார்.

ஒரே நோய், ஒரே நாள், ஒரே கத்தி. ஒருவர் எழ வேண்டும், ஒருவர் படுக்க வேண்டும். நானும் வெங்கடம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

டாக்டர் மறைக்கவில்லை. கேட்டதும் சொன்னார். காலங்காலமாக எல்லோரையும் படுக்க வைத்துத்தான் பழக்கம். எழுந்தால் தையல் விட்டுப்போய் இறக்கம் திரும்ப வரும் என்று அவருக்குப் பாடம் சொன்னவர்கள் நம்பினார்கள். சில இடங்களில் மறுநாளே நடக்க வைக்கிறார்கள், அதுதான் நல்லது என்கிறார்கள். எது சரி என்று இந்த ஊர் மனிதர்களிடத்தில், மூட்டை தூக்கிப் பிழைக்கிறவர்களிடத்தில், யாரும் பார்த்துச் சொல்லவில்லை. அதனால் அவர் பார்க்கிறார். ஆபரேஷன் ஆகிற வரிசைப்படி ஒருவரை நடக்க, அடுத்தவரைப் படுக்க. ஒரு வருடம் கழித்து எல்லோரையும் வரவழைத்துச் சோதித்தால் எது நல்லது என்று தெரிந்துவிடும்.

இது ஆராய்ச்சி. அந்த வார்த்தையை அவர் எங்களிடம் சொல்லவில்லை. எங்கள் சம்மதத்தையும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

ஆனால் இரண்டு பெண்களும் அன்று மத்தியானம் புங்க மரத்தடியில் ஒரு முடிவுக்கு வந்தோம். என் கணவர் படுக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். அவருடைய வேலை ஏணி ஏறுகிற வேலை, காயம் நன்றாக ஆறட்டும். வெங்கடம்மாவுக்கு அவள் கணவர் எழ வேண்டும்.

"அவுரு பகல்ல படுத்து நான் பாத்ததே இல்ல டீச்சரம்மா. காய்ச்சல் வந்தாக்கூட வரப்புல போய் குந்துவாரு. மூணு வாரம் கட்டிப் போட்டா புத்தி கெட்டுரும்."

"அப்போ மாத்திக்கலாம்" என்றேன். "ரெண்டு பேருக்கும் ஒரே ஆபரேஷன்தானே. டாக்டரைக் கேப்போம்."

கேட்டோம். அவருடைய அறை வாசலில் இருவரும் நின்றோம். நான்தான் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. உங்களுக்குப் புரியும். அவங்கவங்க இஷ்டப்படி நடக்க வெச்சு, இஷ்டப்படி படுக்க வெச்சா, நல்லா இருக்கறவன் ஏன் நல்லா இருக்கான்னு எனக்குத் தெரியாமலே போயிடும். வரிசையை ஒரு தடவை மாத்தினாலும் எல்லாம் வீண்."

வெங்கடம்மா முன்னால் வந்தாள். "சாமி, அவுரு படுக்க முடியாத மனுசன்."

"மூணு வாரம்தாம்மா. பழகிடும்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வெங்கடம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "விடுங்க டீச்சரம்மா. நம்ம நல்லதுக்குத்தான் சொல்றாரு."

இந்த இடத்தில் நான் எத்தனை முறை திரும்பி வந்து நின்றிருக்கிறேன் என்று சொல்ல முடியாது. மேசை, அதன் மேல் ஒரு கண்ணாடித் தம்ளர், ஜன்னல் வழியே வெயில். அந்த அறையில் டாக்டர் தலையை ஆட்டியிருந்தால் போதும்.

என் கணவர் நடந்தார். முதல் நாள் அவர் நின்ற நிலையைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. வில்லாக வளைந்து, ஒரு கையால் தலையணையைக் காயத்தின்மேல் அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்து, அடிமேல் அடி. இருமல் வந்துவிடுமோ என்று மூச்சையே பாதியாக விட்டார். பக்கத்துக் கட்டிலிலிருந்து திம்மராயப்பா உரக்கக் கூவினார்.

"கண்டக்டரு! போலாம் ரைட்! ரைட்!"

வார்டு முழுவதும் சிரித்தது. என் கணவர் மட்டும் சிரிக்க முடியாமல், சிரித்தால் வலிக்கும் என்பதால், பல்லைக் கடித்துக்கொண்டு அவரைத் திட்டினார், தெலுங்கில்.

தினமும் அது நடந்தது. இவர் நடக்கக் கிளம்பும்போது அவர் 'ரைட்' கொடுப்பார். திரும்பி வந்து கட்டிலைத் தொட்டதும், "உத்தனப்பள்ளி எல்லாம் எறங்கு!" என்பார். ஆனால் போகப் போக அந்தக் குரல் தணிந்தது. ஒருநாள் இவர் நடந்து முடித்து வந்தும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெண்டக்கால் இழுக்குது" என்றார் வெங்கடம்மாவிடம். இடது கால். பார்த்தோம். கொஞ்சம் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது.

"டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்றார் என் கணவர்.

"காலுக்கு வந்த வலிய வவுத்து டாக்டருக்கு எதுக்குச் சொல்றது?" என்றார் அவர். "படுத்தே கெடந்தா மாட்டுக்கும்தான் கால் புடிக்கும்."

வெங்கடம்மா விளக்கெண்ணெயைச் சுட வைத்துக் கொண்டுவந்து காலை மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள். சாயங்காலமும் தேய்த்தாள். அவருக்குச் சுகமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

இதை வாசிக்கும் உங்களில் யாராவது ஒரு கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், இந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். படுத்திருக்கிறவரின் கெண்டைக்கால் வலித்தால், வீங்கினால், தேய்க்காதீர்கள். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். எங்களுக்கு அது தெரியாது.

என் கணவருக்குத் தையல் பிரித்தாகிவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். காலை நேரம். நான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். வெங்கடம்மா கஞ்சி எடுத்து வர வெளியே போயிருந்தாள். என் கணவர் சட்டை போட்டுக்கொண்டு திம்மராயப்பாவின் கட்டிலருகே போனார்.

"போயிட்டு வரன்" என்றார்.

"நம்ம ஊர்ல பஸ்ஸ நிறுத்தணும், ஆமா. கைகாட்டினா நிக்காம போற வேலை வெச்சுக்காத" என்று சொல்லியபடி, திம்மராயப்பா முழங்கையை ஊன்றி எழும்பிக் கையை நீட்டினார்.

கை பாதி தூரம் வந்தது. அவர் முகம் மாறியது. ஏதோ ஒன்றைக் கேட்டுத் திடுக்கிட்டவர் போல. "மூச்சு" என்றார். இன்னொரு முறை அதைச் சொல்ல வாய் திறந்தார். சிஸ்டர் ஓடினார், டாக்டர் ஓடி வந்தார், நெஞ்சில் கை வைத்தார், ஊசி போட்டார். நாங்கள் சுவரோடு சுவராக நின்றோம். சீக்கிரமே முடிந்துவிட்டது.

எம்பாலிசம் (கால் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டி மேலே போய் நுரையீரலை அடைத்துவிடுவது) என்று டாக்டர் சிஸ்டரிடம் சொன்னார். அசையாமல் படுத்திருந்தால் ரத்தம் காலில் உறையும். அசைந்ததும் கிளம்பும்.

வெங்கடம்மா கஞ்சிச் சொம்போடு உள்ளே வந்தாள். எங்களைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். சொம்பைக் கீழே வைத்தாள், சிந்தாமல் வைத்தாள். அழவில்லை. டாக்டரைப் பார்த்து, தெலுங்கு கலந்து, ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

"நான் கேட்டேன் கதா, சாமி."

டாக்டர் கையிலிருந்த ஸ்டெதாஸ்கோப் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஊரிலிருந்து மாட்டு வண்டி வந்து அவரைக் கொண்டுபோகும்வரை நாங்கள் கிளம்பவில்லை. கிளம்ப முடியவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு டாக்டர் வார்டுக்குள் வந்தார். படுக்கச் சொல்லியிருந்த ஒவ்வொருவரிடமும் போய், அவரே தோளைப் பிடித்து, உட்கார வைத்து, காலைத் தொங்கப்போட வைத்து, பிறகு நிறுத்தினார். காலையில் நடந்ததைப் பார்த்தவர்கள் எழ மறுத்தார்கள். எழும்பியதால்தான் அவர் செத்தார் என்றுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. ஒருவர் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். டாக்டர் விடவில்லை.

சற்று நேரத்தில் அந்த நீண்ட வார்டில், படுத்திருந்த மனிதர்கள் எல்லோரும் அவரவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெளுத்த முகத்தோடு. ஒரு கட்டில் மட்டும் காலியாக இருந்தது. எந்த வரிசையும் அதற்குப் பிறகு அந்த வார்டில் இல்லை.

வீட்டுக்கு வந்தோம். என் கணவரின் காயம் நன்றாக ஆறியது. முதலில் நிமிர்ந்து நடந்தார், பிறகு படி ஏறினார், பிறகு வேலைக்குப் போனார். சில மாதம் மூட்டை தூக்கக்கூடாது என்பது டாக்டரின் கட்டளை. அதுவும் முடிந்தது. நோய் என்ற கணக்கில் பார்த்தால் எங்கள் கதை இங்கே சுபமாக முடிகிறது.

ஆனால் அவர் பஸ்ஸில் 'ரைட்' என்று சொல்வதை விட்டுவிட்டார். விசில் மட்டும் ஊதினார். உத்தனப்பள்ளியைத் தாண்டும்போது மட்டும் பஸ்ஸின் உள்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, எடுத்த டிக்கெட்டையே திரும்பச் சோதிப்பதாக டிரைவர் எனக்குச் சொன்னார். ஒருநாள் சாப்பிடும்போது, "கைய நீட்னாரு. நான் போய் சொல்லாம வந்திருந்தா அவரு எழும்பியிருக்க மாட்டாரு" என்றார். பிறகு எப்போதாவது எழும்பித்தானே ஆக வேண்டும் என்று சொன்னேன். அவர் கையைக் கழுவிவிட்டார்.

எனக்கு வேறு விதம். வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன், கரும்பலகையில் சாக்பீஸ் நின்றுவிடும். டாக்டர் தலையை ஆட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வேன். என் கணவர் படுத்திருக்கிறார். திம்மராயப்பா நடக்கிறார். என் கணவர், கெண்டைக்கால் இழுக்கிறது என்கிறார். நான் எண்ணெய் சுட வைக்கிறேன். கட்டாயம் வைத்திருப்பேன். நானும் மடியில் காலைப் போட்டுக்கொண்டு, நன்றாக, அழுத்தித் தேய்த்திருப்பேன். என் உள்ளங்கைக்கு அந்தக் கால் எப்படி இருந்திருக்கும் என்பது தெரிந்தது. நடக்காத ஒன்று கையில் இப்படி ஒட்டிக்கொள்ளும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பிள்ளைகள், "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிடுவார்கள்.

வருடம் திரும்பியது. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எல்லோரும் சோதனைக்கு வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் ஊராகச் சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் போனோம். வராந்தாவில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவராக உள்ளே போவார்கள், "இருமுங்க" என்று டாக்டரின் குரல் கேட்கும், ஒரு இருமல் கேட்கும், வெளியே வருவார்கள்.

அந்த ஆண்கள் வரிசையில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பொட்டில்லாத நெற்றி. மூக்குத்திகள் இல்லை. அதனால் எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை.

"வெங்கடம்மா" என்றேன்.

"வாங்க டீச்சரம்மா. அண்ணா நல்லா இருக்காரா?" என்றாள், அடுப்படியில் பார்த்துக்கொண்டது போல. "தலையாரி வந்து சொன்னான். திம்மராயப்பா ஆஸ்பத்திரிக்கு வரணுமாம்னு. செத்தவரு பேர அடிக்க யாரோ மறந்துட்டாங்க போல. நான் வந்தன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். என் கணவர் சற்றுத் தள்ளி நின்றுவிட்டார். வரிசை நகர்ந்தது. கம்பவுண்டர் பெயரைக் கூப்பிட்டார். "திம்மராயப்பா."

"இருக்கறன்" என்று அவள் உள்ளே போனாள். என் கையை விடவில்லை. நானும் போனேன்.

டாக்டர் தலை நிமிர்ந்தார். ஒரு வருடத்தில் காதோரம் நரைத்திருந்தது. அவளை அவருக்கு உடனே தெரிந்தது. எழுந்து நின்றார். நோயாளியின் வீட்டாருக்காக ஒரு டாக்டர் எழுந்து நின்று அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"மாத்தினா ஒண்ணும் தெரியாமப் போயிரும்னு சொன்னீங்க சாமி" என்றாள் வெங்கடம்மா. "மாத்தல. இப்போ தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதும்மா."

"என்னா தெரிஞ்சுது?"

"படுக்க வெக்கக் கூடாதுன்னு" என்றார். "இப்போ இங்க யாரையும் படுக்க வெக்கறதில்லை."

அவள் அதை யோசித்துப் பார்ப்பது போல நின்றாள். அவள் கேட்க வந்தது அதுவல்ல என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் கையைப் பிடித்திருந்த அவள் கை குளிர்ந்து போயிருந்தது.

"எங்க நங்கையா சொல்றா," என்று ஆரம்பித்தாள், "எங்க வீட்டுக்காரரோட அக்கா. அவ மகன் பெங்களூர் ஆஸ்பத்திரில வேலை செய்யறான். கால் வீங்கினா தேய்க்கக் கூடாதாம். தேய்ச்சா ரத்தக்கட்டி மேல ஏறிருமாம். நான் தேய்ச்சன் சாமி. ரெண்டு வேளையும் தேய்ச்சன். நானா?"

வெளியே யாரோ இருமினார்கள்.

டாக்டர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். அவளுக்கு நேரே நின்றார்.

"அந்தக் கட்டி காலுக்குள்ள வந்தது, படுத்தே கிடந்ததால. படுக்க வெச்சது நான். நீங்க எழுப்பச் சொன்னீங்க. நான் கேக்கல. வேற யாரும் இல்லம்மா. நான்தான்."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். அவள் கேட்ட கேள்விக்கு அவர் நேராகப் பதில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் சொன்னதில் பொய் ஒரு வார்த்தையும் இல்லை என்பதும் தெரிந்தது. அவளுக்கு எது தெரிந்ததோ. மெதுவாக என் கையை விட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அந்த வருடம் முழுவதும் எங்கே வைத்திருந்தாளோ அந்த அழுகையை அழுதாள். டாக்டர் அவள் அழுது முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

அடுத்து என் கணவரைக் கூப்பிட்டார்கள். சோதித்துவிட்டு, "நல்லா இருக்கு, இனி எதுவும் இல்லை" என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போது அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் மூவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். என் கணவரின் பஸ்தான், அன்று வேறு ஒருவர் கண்டக்டர். ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் சந்தையில் விதைக்காக வாங்கிய கொள்ளு மூட்டை ஒன்று வெங்கடம்மாவிடம் இருந்தது. கண்டக்டர் அதை எடுக்கக் குனிவதற்குள் என் கணவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவர் ஏணியில் ஏறினார். வெங்கடம்மா கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள், அவர் வயிறு படியில் உரசிப் போவதை, முழங்கால் மடங்கி நிமிர்வதை. ஒரு படிகூட விடாமல் பார்த்தாள். அவர் மேலே போய் மூட்டையைக் கிடத்தியதும், நிறுத்தி வைத்திருந்த மூச்சை விட்டாள்.

"வலிக்குதாண்ணா?" என்றாள், அவர் இறங்கியதும்.

"இல்லம்மா."

"நல்லது" என்றாள். பொறாமை இல்லை அதில். சந்தோஷம் என்றும் சொல்ல மாட்டேன். அவள் ஊரில் பஸ் நின்றது. மூட்டையை அவரே இறக்கி, அவள் வீட்டுப் பாதை வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பஸ் காத்திருந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை.

இது நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது இந்தப் பக்கம் ஹெர்னியா ஆபரேஷன் செய்துகொள்கிறவர்கள் மறுநாளே நடக்கிறார்கள். பயந்துபோன மனைவிமார்கள் சிலரை என்னிடம் அனுப்புகிறார்கள், கண்டக்டர் வீட்டுக்காரியைப் போய்க் கேள் என்று. நடக்க விடுங்கள், பயப்படாதீர்கள், தையல் பிரியாது என்று நான் சொல்கிறேன். அவர்கள் நிம்மதியாகப் போகிறார்கள். இந்த நிம்மதி எப்படி வந்தது என்று நான் அவர்களிடம் சொல்வதில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.

உடம்பு என்பது வேலை செய்யும்போது களைக்கும், படுக்கும்போது தேறும் என்றுதான் நான் வளர்ந்த நாளெல்லாம் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடிவதில்லை. என் கணவர் நடமாடும் நேரங்கள் எனக்கு விரைவாக ஓடுகின்றன. அவர் படுத்திருக்கும் நேரங்கள் நகர்வதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சாப்பிட்டுவிட்டு அவர் கயிற்றுக் கட்டிலில் சாய்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டைத் திருத்துவேன். கொஞ்ச நேரத்தில் திருத்துவது நின்றுவிடும். அவர் பாதங்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். ஆனாலும் அவருக்குத் தெரிந்துவிடும். கண்ணைத் திறக்காமலே வலது பாதத்தை அசைப்பார், பிறகு இடது பாதத்தை.

"போதுமா?" என்பார்.

"போதும், தூங்குங்க" என்பேன். அவர் தூங்கிவிடுவார். நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.